பேச்சு அதிகமுள்ள விளையாட்டு

கடைவீதியில் ஒரு வதந்தி. வீடியோ கேம் கடைக்கு ஒரு மாதமாக ஓர் இன்ஸ்பெக்டர் மாறுவேஷத்தில் வந்துபோகிறாராம். என்ன இன்ஸ்பெக்டர் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. செருப்புக்கடைக்காரர் வரி இலாகா என்றார். செல்போன் ரிப்பேர் கடைக்காரர் திருட்டு டிஸ்க் பிடிக்க வந்தவர் என்றார். ஜெராக்ஸ் கடை அம்மா இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டு, கல்வித் துறை என்று அடித்துச் சொன்னார். ஆதாரங்களும் இல்லாமல் இல்லை. ஆள் மாலை ஆறரைக்கு வருகிறார். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பின்பக்கத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறார். சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொள்கிறார். ஒன்றும் வாங்குவதில்லை. போகும்போது ஒரே கேள்வி: "இதுல பேச்சு நிறைய இருக்குமா?"

இப்படி ஒரு கேள்வியை விளையாடுகிறவர் யாராவது கேட்பார்களா? பேச்சை எப்படித் தாண்டுவது, எந்தப் பட்டனை அமுக்கினால் இவர்கள் வாயை மூடுவார்கள் என்றல்லவா கேட்பார்கள்? சந்தேகம் வந்ததில் தப்பில்லை.

விசாரித்துப் பார்த்ததில், இன்ஸ்பெக்டர் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். மாறுவேஷம் என்று சொல்லப்பட்டது கிரீஸ் கறை படிந்த கம்பெனிச் சட்டை. கடை முதலாளி ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டிருக்கிறார். இவரும் சாதாரணமாக "சர்வீஸ்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வதந்தி பிறந்த கதை அதுதான். ஆனால் அந்தப் பேச்சு விஷயம் மட்டும் நிஜம். ஒரு மாதமாக மனிதர் பேச்சு அதிகமுள்ள ஒரு விளையாட்டைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

வயது ஐம்பத்தொன்று. இருபத்தேழு வருஷமாக லிஃப்ட் வேலை. மேலே மோட்டார் அறை, கீழே பள்ளம், நடுவில் கம்பிக் கயிறும் இருட்டும். ஓடுகிற சத்தத்தை வைத்தே எத்தனையாவது மாடியில் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் காது வேலை செய்வதில்லை என்பது மனைவியின் நீண்டகாலப் புகார்.

அம்மணிக்குப் பிழைப்பே புகார்தான். ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. யாருடைய பார்சல் எங்கே தொலைந்தாலும் திட்டு அவர் காதில் வந்து விழும். பதிலுக்கு மூன்று வாக்கியம் பேச அனுமதி. மூன்றையும் அச்சடித்து மேஜைத் தடுப்பில் ஒட்டியிருப்பார்கள்: மன்னிக்கவும். புரிகிறது. பதிவு செய்துகொண்டேன். எட்டு மணி நேரம் இந்த மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு வருகிறவருக்கு, சாயங்காலமானால் தொண்டையில் மிச்சமெல்லாம் முட்டிக்கொண்டு நிற்காதா?

வெளியூரில் வேலை கிடைத்தபோது மகள், டிவியில் மாட்டி ஆடும் தன் விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். விற்பதற்கு முன் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். உள்ளே ஒரு டிஸ்க் இருந்தது. அதை எடுக்க இரண்டரை வருஷம் ஆகிவிட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மலைக்கோட்டையில் அணைந்துபோன விளக்கை மறுபடி ஏற்ற, கையில் நெருப்போடு ஒருத்தன் நடக்கிறான். வழியில் சிலர் சேர்ந்துகொள்கிறார்கள். சிலர் வெட்ட வருகிறார்கள். வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது மெக்கானிக்கின் பொறுப்பு. பேசுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது அம்மணியின் பொறுப்பு. ஏனென்றால் பேச்செல்லாம் திரைக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுத்தாக வரும். ஆங்கிலத்துக்கும் மெக்கானிக்குக்கும் எட்டாவது வகுப்பிலேயே முகம் கொடுத்துப் பேசுவது நின்றுவிட்டது. கன்ட்ரோல் பலகையில் வரும் பிழை எண்களைப் படிப்பார், பெட்டிகளின் முதுகில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான். அதனால் அம்மணி படித்து, அங்கேயே தமிழாக்கி, குரல் கொடுத்துச் சொல்லுவார். சோபாவின் இடது பக்கம் இவர், வலது பக்கம் காலை மடித்துப்போட்டு அவர். சட்டம் ஒன்றே ஒன்று: "நான் முடிக்கிற வரைக்கும் பட்டனைத் தொடக் கூடாது."

குரல் என்றால் சும்மா குரலா? திருட்டுப்பயல் ஒருத்தன் வருவான். அவனுக்குப் பெரியம்மா வீட்டு மாப்பிள்ளையின் குழைவு. கெட்ட ராணிக்கு அச்சு அசலாக நாத்தனார் குரல். அந்த நாத்தனாரே, அதாவது மெக்கானிக்கின் அக்கா, ஒருநாள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த ராணி பேசறது எங்கியோ கேட்ட மாதிரியே இருக்குடா" என்றார். மெக்கானிக்குக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் அக்கா கிளம்பும்வரை சமையலறையை விட்டு வரவில்லை.

மருந்துக்காரிக்கு மட்டும் யார் குரலும் இல்லை. தோளில் ஒரு பை, பாதி முகத்தை மறைத்த முக்காடு, காயத்துக்குக் கட்டுப் போடுவாள், பின்னாலேயே வருவாள். அவளுக்கு அம்மணி தன் சொந்தக் குரலையே கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகப் புருஷனை 'நீங்க' என்றே சொல்லிப் பழகிய வாய், மருந்துக்காரி வரும்போது மட்டும் கூசாமல் 'நீ' என்னும்.

குளத்தங்கரையில் ஒரு காட்சி. நெருப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்துக்காரி ஆரம்பித்தாள்: "நீ பாட்டுக்கு நெருப்பைத் தூக்கிட்டு முன்னால முன்னால ஓடற. பின்னால வர்றவளுக்கு வெளிச்சம் விழுதான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தியா? உனக்குப் பசிச்சா ஊரைக் கூட்டத் தெரியுது. எனக்குப் பசிக்குதான்னு கேக்கறதுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்குது, இல்ல?"

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, கூட வேலை செய்கிறவரிடம் அதை அப்படியே ஒப்பித்தார். "எவனோ பொண்டாட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன் எழுதிருக்கான் பாரு. கெட்டிக்காரன்!" இவ்வளவு நீளப் பேச்சு இத்தனூண்டு எழுத்துக்குள் எப்படி அடங்குகிறது என்று ஒருமுறை அவருக்குத் தோன்றியதுண்டு. ஆங்கிலம் சுருக்கமான பாஷை, அதனால்தான் உலகம் பூராவும் ஓடுகிறது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கதை கோட்டைக் கதவுவரை வந்த சமயம், அம்மணியின் அலுவலகத்தில் ஒரு பெண் பிரசவ விடுப்பில் போனாள். மூன்று வாரம் அம்மணிக்கு மாலை ஷிஃப்ட்.

"கதவைத் தொடாதீங்க. நான் வந்து பாக்கணும்."

"நான் ஏம்மா தொடப்போறேன்?"

பன்னிரண்டு நாள் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. கதவுக்கு முன் இரண்டு வாளோடு நிற்கிற காவல்காரனிடம் சும்மா ஒரு கை பழகிப் பார்க்கலாமே, எப்படியும் தோற்கத்தானே போகிறோம் என்று உட்கார்ந்தார். வாழ்நாளில் இல்லாத அதிசயமாக ஜெயித்துத் தொலைத்தார். கதவு தானாகத் திறந்துகொண்டது. திரையில் மூன்று வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக. எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துக்கூட்டினார். ஒன்றும் ஓடவில்லை.

இங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ரிப்பேர் முடிந்த லிஃப்டை முதல் ஓட்டம் விடும்போது உச்சிக்கும் அனுப்பமாட்டார்கள், தரைக்கும் அனுப்பமாட்டார்கள். நடு மாடி. ஏதாவது எசகுபிசகாக ஆனாலும் மேலும் கீழும் இடம் இருக்கும். இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் கட்டைவிரல் நடு வரியை அமுக்கியது.

மருந்துக்காரி முன்னால் வந்தாள். அவன் கையிலிருந்த நெருப்பை வாங்கிக்கொண்டாள். உள்ளே நடந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்கிற அவசரத்தில் இவர் பட்டனை இன்னொரு முறை அமுக்கினார். கதவு மூடிக்கொண்டது. சினிமா முடிந்தாற்போலப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். பிரயோஜனமில்லை. அந்த விளையாட்டு வைத்துக்கொள்வது ஒரே ஒரு பதிவு. அதிலும் நடந்ததை உடனுக்குடன் எழுதிவிடும்; பின்னால் போய் மறுபடி ஆட வழியில்லை.

அம்மணி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். அந்த மட்டுக்கும் யோக்கியர்.

"முடிஞ்சிடுச்சும்மா."

"எது?"

"அதுதான். கதவு தானா திறந்துக்கிச்சு."

அம்மணி தோளிலிருந்த கைப்பையை இறக்கவில்லை. "மருந்துக்காரி?"

"உள்ள போயிட்டா."

"என்ன சொல்லிட்டுப் போனா?"

"எல்லாரும் நல்லா இருங்கன்னு… அந்த மாதிரி ஏதோ."

"அவ அப்படிச் சொல்ல மாட்டா."

ஒரு சண்டை வந்திருந்தால் தேவலை. தட்டு ஒன்று விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அம்மணி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "புரியுது. பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் ஆபீஸ் வாக்கியத்தை வீட்டுக்குள் அவர் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போகும்போது, "அடுத்தது நீங்களே பாத்து வாங்கிக்கோங்க. படிக்கிற வேலை இல்லாததா" என்று சேர்த்துக்கொண்டார்.

மாலை ஷிஃப்ட் முடிந்தது. அம்மணி பழையபடி ஐந்தரைக்கே வீட்டில். ஆனால் சோபாவின் வலது பக்கம் வரவில்லை. உள் அறையில் துணி தேய்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் உள்ள வீட்டில் தினமும் தேய்க்க அவ்வளவு துணி எங்கிருந்துதான் வந்ததோ. சாப்பாடு, சாவி, தண்ணீர்க் குழாய் என்று தேவையான பேச்சு ஒன்றும் குறையவில்லை. மெக்கானிக்குக்கோ ஒரே நினைப்பு: அந்த வலது பக்கத்துக்கு அவரை மறுபடி வரவழைக்க வேண்டும். அதற்கு வழி, விட்டுப் போக மனசு வராத அளவுக்குப் பேச்சு நிறைந்த ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து போடுவது. இப்படித்தான் அவர் கடைவீதிக்கு இன்ஸ்பெக்டர் ஆனார்.

கடை முதலாளி நாற்பது வயதுக்காரர். தலைக்கு மேலே 'மாற்றித் தர மாட்டோம்' என்று பலகை. கடைவீதியில் அவர் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"இது என்ன தம்பி?"

"விவசாயம் சார். உழுது, வெதச்சு, சந்தையில விக்கணும்."

"பேசுவாங்களா?"

"மாடு கத்தும்."

"இது?"

"விண்வெளி. பேச்சுன்னா பேச்சு, எண்பது மணி நேரம். எல்லாத்துக்கும் நடிகருங்க குரல் குடுத்திருக்காங்க. படிக்கவே வேண்டாம்."

"அது வேண்டாம்."

"சார், பேச்சு வேணும்னீங்களே."

"பேச்சு வேணும். குரல் வேண்டாம்."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாளே பழைய டிஸ்க்குகளையெல்லாம் மேஜைக்கடியில் தள்ளி வைத்தார்.

ஒரு மாதம் ஆனபோது இருவருக்குமே பொறுமை போயிற்று. மெக்கானிக் வீட்டிலிருந்து பழைய டிஸ்க்கின் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். "இத்தனையும் எதுக்கு தம்பி? இதுல பேசற மாதிரி இருந்தாப் போதும்."

முதலாளி அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பயம் அந்த நொடியே விலகி, 'சார்' போய் 'அண்ணே' வந்தது. "இதுவா? இதுல பேச்சே கெடையாதே அண்ணே! இது சண்டைக்குப் பேர்போனது. ஆளுங்க ஊமை மாதிரி நிக்கறாங்கன்னு அப்பவே எல்லாரும் திட்டினாங்க."

"உங்களுக்குத் தெரியல. மருந்துக்காரி பேசற பேச்சு இருக்கே…"

"யாரு மருந்துக்காரி?"

"தோள்ல பை மாட்டிக்கிட்டு…"

"அவளா? அவளுக்குப் பேர்கூட வெக்கல."

பந்தயம் கட்டாத குறைதான். முதலாளி கடையின் பெட்டியில் டிஸ்க்கைப் போட்டார். அவரே ஒருமுறை ஆடி முடித்தது. கடந்துபோன காட்சிகளைத் திரும்பப் பார்க்க மட்டும் அதில், மெக்கானிக் கண்ணில் படாத ஒரு மூலையில், வழி இருந்தது. குளத்தங்கரையை எடுத்தார். நெருப்பு. மருந்துக்காரி வந்து உட்கார்ந்தாள். அடியில் ஒரு வரி.

"படிங்க தம்பி."

"'இங்கே தங்கலாம்.'"

"ம். அப்புறம்?"

"அவ்ளோதான் அண்ணே."

"பட்டனைத் தொடாதீங்க! இன்னும் இருக்கும்."

"இல்லண்ணே. பாருங்க, ரெண்டே வார்த்தை."

பாலத்துக் காட்சியைப் போடச் சொன்னார். 'ஜாக்கிரதை' என்றிருந்தது. அந்தப் பாலத்தில் நின்றுகொண்டு மருந்துக்காரி, மகள் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதுபோல ஏதோ நீளமாகச் சொன்னது அவருக்கு நினைவு இருந்தது. பனிமலையைப் போடச் சொன்னார். அங்கே, 'மருந்து தீர்ந்துவிட்டது' என்று ஒரு வரி.

"ஊருக்கெல்லாம் கட்டுப் போடறேன், எனக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்? தனியாத்தான் போகணும், தனியாத்தான் வரிசையில உக்காரணும்" என்றல்லவா அவள் பனிமலையில் சொன்னாள்? அந்த வாரம்தான் அம்மணி ஸ்கேன் எடுக்கத் தனியாகப் போய்வந்தது. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதால் மெக்கானிக்கால் கூடப் போக முடியவில்லை. போக முடியவில்லை என்பது அவர் வைத்திருந்த கணக்கு. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. யோசித்துப் பார்த்தால், அதைக்கூட அடுத்த ஊர்ச் சத்திரத்தில் மருந்துக்காரிதான் சொன்னாள். இவர் அப்போது ஒரு கரடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் குட்டி நோட்டை மூடினார். கடைசியாக ஒன்று கேட்டார். "கதவுகிட்ட, நடுவுல இருக்கறதை அமுக்கினா… அவ என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. அடியில வரியே வராது. திரும்பிப் பாத்துட்டு நிப்பா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிப்பா அண்ணே. நாமளா பட்டனை அமுக்கினாத்தான் கதவு மூடும்."

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். இவர் கொடுத்தது ஒரு விநாடிகூட இருக்காது.

மெக்கானிக் நோட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "தம்பி, இருக்கறதுலயே பேச்சு கம்மியா உள்ளது எது?"

"அண்ணே, ஒரு மாசமா நீங்க…"

"கம்மியா உள்ளது."

முதலாளி மேல்தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார். படகுக்காரன் ஒருத்தன் ஆட்களை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுகிற கதை. மொத்த எழுத்தையும் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது, ஒருத்தரும் சீண்டுவதில்லை. "மாத்தித் தர மாட்டோம்" என்று வழக்கம்போலச் சொன்னார். "மாத்த வர மாட்டேன்" என்றார் மெக்கானிக்.

வீட்டில் அம்மணியைக் கூப்பிடவில்லை. கூப்பிட எந்த முகத்தை வைத்துக்கொள்வது? தானே போட்டார். மழை பெய்யும் ஓர் ஆறு. கரையில் ஒரு கிழவர், கையில் பெட்டி. அடியில் ஒரு வரி. மெக்கானிக் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, வாய்விட்டுச் சொன்னார்: "'அக்கரைக்குப் போகணும்'னு போட்டிருக்கு போல."

"போல என்ன போல?" உள் அறை வாசலில் அம்மணி, தோளில் தேய்க்காத ஒரு சட்டையோடு.

"அவ்வளவுதான் எழுதிருக்கும்மா."

"தெரியுது."

"எல்லாத்துலயும் அவ்வளவுதான் எழுதிருந்துச்சாம். கடைக்காரர் போட்டுக் காமிச்சாரு."

அம்மணி சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "குளத்தங்கரையா?"

"குளத்தங்கரை. பாலம். பனிமலை."

"எவனோ நல்லா எழுதிருக்கான்னு லிஃப்ட் மேல நின்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே."

"சொன்னேன்" என்றார் மெக்கானிக்.

அம்மணி திரையில் நனைந்துகொண்டு நிற்கிற கிழவரைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "'பெட்டியில என்ன இருக்குன்னு மட்டும் கேக்காத தம்பி. கேட்டா நடு ஆத்துல குதிச்சிடுவேன். ஏற்கெனவே ரெண்டு படகுல குதிச்சவன் நான்.'"

மெக்கானிக் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். நகர அங்கே இடமே இல்லை. அம்மணி வரவில்லை.

"இது கடன்" என்றார் வாசலிலிருந்தே. "அடுத்து வர்ற ஆளுக்கு நீங்க பேசணும். எழுதிருக்கறது வேண்டாம். உங்களது." உள்ளே போய்விட்டார்.

கிழவரை அக்கரையில் விட்டாயிற்று. அடுத்து ஒரு பெண், தலையில் கூடை. அடியில் 'நானும்' என்று ஒரே வார்த்தை. மெக்கானிக் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பட்டனையும் அமுக்கவில்லை. அரை மணி நேரம் இவரும் திரையில் அந்தக் கூடைக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியை அணைத்துவிட்டுப் படுத்தார்.

வேலையிடத்தில் பிரமாதமாக வருகிறது. கூண்டின் தலைமேல், இருட்டில், கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கூடைக்காரிக்கு அவர் பேசுகிற பேச்சைக் கேட்டு, கூட வேலை செய்கிறவர் கீழேயிருந்து, "அண்ணே, மேல யாரு?" என்று குரல் கொடுத்திருக்கிறார். ஸ்கேன் பற்றிக்கூட அதில் வந்ததாகக் கேள்வி. சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தால் பழையபடி 'நானும்' என்று படிப்பார். அதோடு சரி. உள்ளே இஸ்திரிப்பெட்டிச் சத்தம் நிற்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கும். பதினோரு நாளாக இதே கதை.

நேற்று உள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது. "ஏறிட்டாளா அவ?"

"இல்லம்மா. கரையிலதான் நிக்கறா."

"மழை விட்டுச்சா?"

"விடல."

"குடை ஏதும் வெச்சிருக்காளா?"

மெக்கானிக் திரையைப் பார்த்தார். கூடை தெரிந்தது. கை தெரிந்தது. கூடைக்குள் குடை இருக்கிறதா இல்லையா என்பது எங்கேயும் எழுதப்படவில்லை.

"பாத்துச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.